பாட்டுக்குள் இருப்பவளும் பாட்டு எழுதியவளும்

வியன்னா நகரில் முசிக்ஃபெராய்ன் என்றொரு இசைக் கட்டிடம் இருக்கிறது. 1870இல் திறந்தது. அதன் பெரிய அரங்குக்குப் பொன் மண்டபம் என்று பெயர். புத்தாண்டு அன்று பல நாட்டுத் தொலைக்காட்சிகளில் காட்டுகிற இசை நிகழ்ச்சி அங்கிருந்துதான் வருகிறது. மண்டபத்தின் இரண்டு பக்கமும் சுவரோரம் பெண் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் தங்கப் பூச்சு. மேல்மாடத்தின் பாரத்தைத் தலையில் தாங்கும் தூண்களாக அந்தப் பெண்களைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

அங்கே வழக்கமாக வாசிக்கும் வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு 1842இல் தொடங்கியது. முதல் பெண்ணை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது 1997இல். சுவரைத் தாங்கிக்கொண்டு பெண்கள் நிற்கத் தொடங்கி 127 ஆண்டுகள் கழித்துத்தான், மேடையில் உறுப்பினருக்கான நாற்காலி ஒன்று ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது. அவர் பெயர் அன்னா லெல்கெஸ். ஹார்ப் என்ற பெரிய நரம்புக் கருவியை வாசிப்பவர். அவர் ஒன்றும் புதிதாக வந்தவர் அல்ல. அதற்கு முன்பே 20 ஆண்டுகளுக்கு மேல் அதே குழுவோடு உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தவர்தான். வேலை செய்யலாம், பங்கு கேட்கக் கூடாது. நம் வீடுகளுக்குத் தெரியாத ஏற்பாடா இது?

நான் திரேஸ்புரத்தில் பிறந்தவள். தூத்துக்குடியின் வடக்கோரம், வள்ளங்களும் நாட்டுப் படகுகளும் கட்டிக் கிடக்கிற கரை. சங்கு குளிக்கிறவர்கள், வலைக்குப் போகிறவர்கள், கரையில் ஏலம் எடுத்துக் கூடையில் சுமந்து விற்கிற பெண்கள். முத்துச் சலாபம் என் அம்மா பிறந்த காலத்தோடு முடிந்துவிட்டது. கடைசியாக நடந்தது 1961இல். நான் செவிலியர் படிப்பு முடித்து, ஜெர்மன் மொழி படித்து, இப்போது வியன்னாவில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். எனக்கு வயலின் வாசிக்கத் தெரியாது. வயலின் வாசிக்கத் தெரிந்த ஒருத்தியின் மடியில் வளர்ந்தவள், அவ்வளவுதான். அவள் என் சித்தி.

பொன் மண்டபத்தின் பின்பக்கம் நின்றுகொண்டே கேட்பதற்கு ஓர் இடம் உண்டு. 300 பேர் வரை நிற்கலாம். டிக்கெட் விலை குறைவு. பணி முறை ஒத்துவருகிற நாட்களில் போவேன். மருத்துவமனையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற கால்களுக்கு இரண்டு மணி நேரம் பெரிதில்லை. அப்படிப் போன ஓர் இரவின் நிகழ்ச்சி நிரலில் இரண்டு பெயர்கள் இருந்தன. முதல் பாதியில் ஆல்பன் பெர்க் எழுதிய வயலின் கன்சர்ட்டோ. இடைவேளைக்குப் பிறகு குஸ்தாவ் மாலரின் ஐந்தாவது சிம்பொனி. இரண்டையும் எழுதியவர்கள் ஆண்கள். ஆனால் இரண்டுக்குள்ளும் ஒரே வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் அங்கே எப்படி வந்தார்கள், அங்கே இருப்பதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

கன்சர்ட்டோ என்பது ஒற்றைக் கருவி முன்னால் நின்று, முழு இசைக்குழுவோடு பேசியும் வாதாடியும் போகிற வடிவம். பெர்க் எழுதியது 1935இல். பன்னிரண்டு சுரங்களையும் ஒன்றுவிடாமல் ஒரு வரிசையில் அடுக்கி, அந்த வரிசையிலிருந்தே இசையைக் கட்டுகிற முறையை அவர் கையாண்டார். கேட்கக் கடினமான முறை என்று பெயர் வாங்கியது. நானும் பயந்துகொண்டுதான் நின்றேன். விளக்கு மங்கியது. ஹார்ப்பும் கிளாரினெட்டும் மெல்லத் தொடங்கின. பச்சைப் புடவை நிறத்தில் கவுன் போட்டிருந்த பெண் வயலினைத் தோளில் வைத்து வில்லை இழுத்தார். விரலே வைக்கவில்லை. தந்திகள் நான்கின் மேலும் வில் மட்டும் ஏறி இறங்கியது. ஜி, டி, ஏ, ஈ.

வயலின் கற்றுக்கொள்கிற எந்தப் பிள்ளைக்கும் அதுதான் முதல் பாடம். வெறுந்தந்தி. இடது கைக்கு வேலையே கிடையாது. சித்திக்கு ஒன்பது வயதில் அந்தப் பாடம் கிடைத்தது. தாத்தா தோணியில் கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் போய்வந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு நடைக்கு அங்கிருந்து பழைய வயலின் ஒன்றை வாங்கி வந்தார். பெட்டிக்குள் உப்புக் காற்று போகாமல் சாக்கைச் சுற்றிக் கொண்டுவந்தாராம். மகனுக்கு என்று வாங்கியது. மாமா இரண்டு நாளில் விட்டுவிட்டார். சித்தி எடுத்துக்கொண்டாள். கரையில் இருக்கிற ஒரு கோயிலின் பாடகர் குழுவில் வயலின் வாசித்த பெரியவர் ஒருவர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஐந்து கோட்டு நொட்டேஷனை வாசிக்கவும் எழுதவும் பழக்கினார். பதினாறு வயதில் அவள் கோயில் மாடியில் முதல் வயலின். கோயிலின் பெயரை எழுதப்போவதில்லை. கரை நெடுக இதே கதைதான்.

பெர்க்கின் கன்சர்ட்டோவுக்கு ஒரு சமர்ப்பணம் உண்டு: ஒரு தேவதையின் நினைவுக்கு. தேவதை என்று சொல்லப்பட்டவள் மனோன் குரோப்பியஸ். கட்டிடக் கலைஞர் வால்டர் குரோப்பியஸுக்கும் அல்மாவுக்கும் 1916இல் பிறந்த பெண். அல்மா அதற்கு முன் மாலரின் மனைவி. மாலர் இறந்த பிறகு குரோப்பியஸை மணந்தவர். மனோனுக்கு நடிகையாக ஆசை. 1934இல் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. 1935 ஏப்ரல் 22, ஈஸ்டருக்கு மறுநாள், 18 வயதில் இறந்துபோனாள். அமெரிக்காவிலிருந்து லூயி கிராஸ்னர் என்ற வயலின் கலைஞர் ஏற்கெனவே பெர்க்கிடம் ஒரு கன்சர்ட்டோ கேட்டிருந்தார். மனோனின் சாவுச் செய்திக்குப் பிறகு பெர்க் சில மாதங்களில் அதை எழுதி முடித்தார். அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று அவரும் இறந்தார். தன் படைப்பை அவர் மேடையில் கேட்கவே இல்லை. 1936 ஏப்ரலில் பார்சிலோனாவில் கிராஸ்னர் அதை முதன்முதலாக வாசித்தார்.

முதல் பக்கத்தில் கிராஸ்னரின் பெயர் இருக்கிறது. மனோன் என்ற பெயர் இல்லை. தேவதை என்ற சொல் மட்டும்தான். இறந்த பெண்ணுக்கு இதைவிட உயர்ந்த பட்டம் கிடையாது என்று நம் ஊரிலும் நினைப்பார்கள். தேவதைக்கு ஆசைகள் இருக்காது. மேடை ஏறி வசனம் பேசி, நன்றாக நடித்தாள் என்றோ மோசமாக நடித்தாள் என்றோ பெயர் வாங்குகிற உரிமை இருக்காது. நோயாளிகளைப் பராமரிப்பது என் தொழில். கை கால் அசையாமல் படுத்திருக்கிற பதினெட்டு வயதுப் பெண்ணுக்குத் தேவதை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வராது. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்பேன்.

இந்தக் கன்சர்ட்டோவில் இன்னொரு பெண்ணும் இருக்கிறாள். நடுவில், எதிர்பாராத இடத்தில், ஒரு கிராமத்துப் பாட்டின் மெட்டு வருகிறது. ஆஸ்திரியாவின் தெற்கே கரிந்தியா என்ற மலைநாட்டுப் பாட்டு. சொற்கள் இல்லை, மெட்டு மட்டும். மூலப் பாட்டின் சொற்களில் மிட்ஸி என்று ஒரு பெண் பெயர் வரும். மரீ என்ற பெயரைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெர்க் குடும்பத்துக்குக் கரிந்தியாவில் ஒரு கோடை வீடு இருந்தது. அங்கே வேலைக்கு இருந்தவர் மரீ ஷாய்கல். பெர்க்குக்கு 17 வயதாக இருந்தபோது, 1902 டிசம்பரில், மரீக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அல்பீனே என்று பெயர். தகப்பன் பெர்க். அந்த மெட்டு மரீயை நினைத்து வைத்ததுதான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

உயர்குடிப் பெண்ணுக்குத் தேவதைப் பட்டம் வெளிப்படையாக. வேலைக்காரப் பெண்ணுக்குச் சொல் நீக்கிய ஒரு மெட்டு, ரகசியமாக. வர்க்கத்தைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதே இல்லை. அந்த இசைத்தாள் தானே சொல்லிவிடுகிறது. இரண்டு பேரிடமும் யாரும் கேட்கவில்லை என்பது மட்டும் பொது.

ஆனாலும் இசை என்னை விடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். கடைசிப் பகுதியில் பாஹ் அமைத்த ஒரு பழைய சாவுப் பாட்டு வருகிறது. வந்தது போதும், விடை கொடு என்று ஆண்டவரிடம் கேட்கிற பாட்டு. கிளாரினெட்டுகள் அதை ஆர்மோனியம் போல இழுத்து வாசித்தன. எனக்கு எங்கள் கரையில் உடல் கிடைக்காத சாவு வீடுகள் நினைவுக்கு வந்தன. கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்று உறுதியான பிறகு, பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள். இறந்தவனின் படகு, அவன் போட்ட வலை, கடைசியாகக் கேட்டுச் சாப்பிட்ட குழம்பு வரை அவள் பாட்டில் வரும். அந்த நேரத்தில் அவளே கட்டியது. யாரும் எழுதி வைத்ததில்லை. மறுநாள் காலை அவள் கூடையோடு ஏலத்துக்கு நிற்பாள். அவளை யாரும் பாட்டு எழுதுகிறவள் என்று சொன்னதில்லை. ஆண் துக்கத்தில் எழுதினால் அது படைப்பு. பெண் துக்கத்தில் பாடினால் அது அழுகை.

இடைவேளைக்குப் பிறகு மாலர். ஐந்தாவது சிம்பொனி ஒற்றை ட்ரம்பெட்டில் தொடங்கும். பிறகு பிணத்துக்கு முன்னே நடக்கிற நடை. மொத்தம் ஐந்து பகுதிகள், ஒரு மணி நேரத்துக்கு மேல். இதை அவர் எழுதியது 1901, 1902 கோடைகளில், கரிந்தியாவில் வோர்தர் ஏரிக்கரையில். பெர்க் தன் கன்சர்ட்டோவை எழுதியதும் அதே ஏரிக்கரையில்தான், வேறொரு வீட்டில். மாலருக்கு வீட்டுக்கு மேலே காட்டுக்குள் தனியாக ஒரு குடில் இருந்தது. காலையில் அங்கே போய்விடுவார். சமையற்காரி காலை உணவை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னதாகவே ஏற வேண்டும். அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக, அவள் வழுக்கலான வேறொரு பாதையில் போக வேண்டியிருந்தது என்று அல்மா பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். உலகமே எழுந்து நின்று கை தட்டுகிற அந்த சிம்பொனிக்கு அடியில் அந்தப் பாதையும் இருக்கிறது.

அல்மா ஷிண்ட்லர், மாலரைச் சந்தித்தபோது 22 வயது. அவரே பாட்டு எழுதுகிறவர். அலெக்சாண்டர் ஜெம்லின்ஸ்கி என்ற இசையமைப்பாளரிடம் முறையாகப் பயின்றுகொண்டிருந்தார். மாலருக்கு 41 வயது. வியன்னா அரச ஓப்பராவின் இயக்குநர். நிச்சயமாகும் நேரத்தில், 1901 டிசம்பர் 19 அன்று, மாலர் டிரெஸ்டன் நகரிலிருந்து ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஒரே வீட்டில் இரண்டு இசையமைப்பாளர்கள் இருப்பது கேலிக்கூத்து. இனி என் இசைதான் உன் இசையாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1902 மார்ச்சில் கல்யாணம் நடந்தது. அல்மா எழுதுவதை நிறுத்தினார்.

சித்திக்கு அவ்வளவு நீளமான கடிதம் வரவில்லை. 1986இல் பெண் பார்க்க வந்தவர்கள் நகைக் கணக்குப் பேசி முடித்த பிறகு, எழுந்துகொள்ளும்போது சொன்னது ஒரே வரி. "கல்யாணம் ஆன பொம்பள மாடியில ஆம்பிளையளோட நின்னு வாசிக்கது நல்லா இருக்காது." தாத்தா தலையை ஆட்டினார். பாட்டியும் எதிர்க்கவில்லை, இதற்காகச் சம்பந்தம் முறிந்துவிடக் கூடாதே என்ற பயம். வயலின் வீட்டில் இருந்தால் அவள் எடுப்பாள் என்று, அதைப் பாடகர் குழுவுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார்கள். சித்திக்கு அப்போது 21 வயது. அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அல்மாவுக்கு வேலை கிடைத்தது. மாலரின் கிறுக்கலான கையெழுத்துப் பிரதியைப் பார்த்து, அச்சுக்குப் போகும் விதமாக ஐந்தாவது சிம்பொனியைப் படி எடுத்தவர் அல்மா. அவர் கையால் எழுதிய பிரதி நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. இத்தனை கருவிகளுக்கான இசைத்தாளைப் பிழையில்லாமல் படி எடுக்க வேண்டுமென்றால் இசை தெரிந்திருக்க வேண்டும். எந்தக் குரல் எங்கே நுழைகிறது, எது எதைத் தாங்குகிறது என்பது கைக்கே புரிந்திருக்க வேண்டும். இசை எழுதக் கூடாது என்று தடுத்த வீட்டிலேயே அந்தப் பெண் பக்கம் பக்கமாக இசை எழுதிக்கொண்டிருந்தார். அது அவருடைய இசை இல்லை, அவ்வளவுதான்.

இதைப் படித்தபோது எனக்குச் சித்தி வீட்டு அடுப்படி கண்முன் வந்தது. வயலின் போய் ஒரு வருடத்துக்குள், பாடகர் குழுவிலிருந்து அவளுக்கு ஆள் வந்தது. திருவிழா நெருங்குகிறது, வயலின்காரப் பையன்களுக்கு நொட்டேஷன் எழுதித் தர ஆள் இல்லை, எழுதிக் கொடுப்பாயா என்று. மாடிக்குப் போகக் கூடாது. வீட்டில் உட்கார்ந்து எழுதலாம். அதற்கு யாருக்கும் ஆட்சேபம் இல்லை. மத்தியானம் மீன் அறுத்து முடித்து, கை வாடை போகப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, அளவுகோல் வைத்து ஐந்து ஐந்து கோடாகப் போட்டுக்கொண்டு உட்காருவாள். நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு பார்ப்பேன். முதல் வயலின், இரண்டாவது வயலின் என்று தனித்தனித் தாள். சில இடங்களில் வாய்க்குள் பாடிப் பார்த்துவிட்டு, இரண்டாவது வயலினுக்கு வேறு சுரம் போடுவாள். "அவன் எழுதுனது இங்கன சேரல. மாத்திட்டேன். ஒருத்தனுக்கும் தெரியாது," என்பாள். முப்பது வருடத்துக்கு மேல் இப்படி எழுதிக் கொடுத்தாள். எந்தத் தாளிலும் அவள் பெயர் இல்லை. திருவிழா மலரில் பாடகர் குழுவின் பெயர்ப் பட்டியல் வரும், அதிலும் இல்லை.

எங்கள் ஊர் பெண்ணைக் கொண்டாடாத ஊரும் அல்ல. பனிமய மாதாவுக்குப் பொன் தேர் இழுக்கிற ஊர். ஆகஸ்ட் 5 வந்தால் தூத்துக்குடித் தெருக்களில் நிற்க இடம் இருக்காது. மாதாவைப் பார்த்து உருகிப் பாடுகிற ஆண் குரல்களை நான் கேட்டிருக்கிறேன். தேர்மேல் ஒருத்தி. சுவரில் பொன் பூசிய சிலைகளாக ஒரு வரிசை. பாட்டுக்குள் தேவதையாக ஒருத்தி. பெண்ணுக்கு இத்தனை இடம் கொடுக்கிறவர்கள் வில்லைப் பிடித்து நிற்க ஓர் அடி இடம் தரத் தயங்குகிறார்கள்.

கோயில் மாடிக்கு மட்டும் உரிய குணமும் இல்லை இது. வயலின் தமிழ் இசைக்குள் வந்து 200 ஆண்டுகள் ஆகின்றன. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் கொண்டுவந்தது என்பார்கள். நமது சபாக்களில் பெண் பாடலாம் என்பதையே போராடித்தான் ஏற்க வைத்தார்கள். பெண் பாட்டுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க மறுத்த பெரிய வித்துவான்கள் உண்டு. பெண் பக்கவாத்தியம் வாசித்தால் பாட மறுத்தவர்களும் உண்டு. மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது வயலின் வாசிக்கும் ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கிடைத்தது 2016இல், ஏ.கன்யாகுமரிக்கு. வியன்னாவைப் பார்த்துச் சிரிக்க நமக்கு அவ்வளவு உரிமை இல்லை.

ஐந்தாவது சிம்பொனியின் நான்காம் பகுதிக்கு அடாஜியெட்டோ என்று பெயர். பித்தளைக் கருவிகள், முரசுகள், குழல்கள் எல்லாம் வாயை மூடிக்கொள்ளும். தந்திக் கருவிகளும் ஒரு ஹார்ப்பும் மட்டும். ஏறக்குறைய பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மாலரின் நண்பரான வில்லெம் மெங்கல்பெர்க் என்ற இசை நடத்துனர் தன் பிரதியின் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறார்: இது மாலர் அல்மாவுக்குச் சொன்ன காதல், கடிதத்துக்குப் பதிலாக இதைத்தான் அனுப்பினார் என்று. அழகான கதை. எனக்கு அந்த இசை பிடிக்கும். முன்வரிசையில் ஒரு வயதான அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன். ஆனால் டிரெஸ்டனிலிருந்து வந்த கடிதமும் ஏறக்குறைய அதே காலத்தில் எழுதியதுதான். நீ இனி எழுதாதே என்று சொன்ன கையும், உன்னைப் போல் உண்டா என்று எழுதிய கையும் ஒன்று. நம்மில் பலருக்கு இது புதிராகவே இருக்காது. உன் சமையலுக்கு ஈடு இல்லை என்று கொஞ்சுகிறவர்தான் வேலைக்குப் போக வேண்டாம் என்றும் சொல்வார்.

ஹார்ப் வாசித்தது அன்றும் ஒரு பெண்தான். அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வியன்னா ஃபில்ஹார்மோனிக் இந்தப் பகுதியை வாசித்த எத்தனையோ இரவுகளில், உறுப்பினர் இல்லாத ஒரு பெண்ணின் கை இதே இடத்தில் இதே தந்திகளைத் தொட்டிருக்கும். இப்போது அந்தக் குழுவில் பெண்கள் இருக்கிறார்கள். 2011இல் அல்பேனா தனைலோவா அதன் கான்சர்ட்மாஸ்டர்களில் ஒருவராக, அதாவது முதல் வயலின் வரிசைக்குத் தலைமை வகிப்பவர்களில் ஒருவராக ஆனார். அந்தப் பொறுப்பில் அங்கே அமர்ந்த முதல் பெண் அவர். கதவு தானாகத் திறக்கவில்லை. 1997இல் அமெரிக்கப் பயணத்துக்குப் புறப்படும் முன், அங்கே பெண்கள் அமைப்புகள் போராட்டத்துக்குத் தயாராக நின்ற பிறகுதான் திறந்தது.

அல்மாவைக் குற்றமில்லாதவராகக் காட்டுவது என் நோக்கம் இல்லை. அவருடைய மூன்று கணவர்களில் இருவர் யூதர்கள். யூதர்களைப் பற்றி அவர் எழுதியவற்றைப் படித்தால் கூசும். மாலரின் கடிதங்களைத் தன் வசதிக்குத் திருத்தி வெளியிட்டவர். மகளைத் தேவதையாக்கியதில் அவருக்கும் பங்கு உண்டு. அநீதிக்கு உள்ளானவள் நல்லவளாக இருந்தால்தான் அநீதி என்று ஒப்புக்கொள்வோம் என்பது நியாயமா? 1910இல் மாலர் அவருடைய பழைய பாட்டுகளைப் பிரித்துப் பார்த்தார். அல்மா வேறொருவரை நேசிக்கிறார் என்று தெரிந்து கலங்கியிருந்த நேரம் அது. இவ்வளவு நல்ல பாட்டுகளா என்று வியந்து, ஐந்தை அச்சுக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு மாலர் இறந்துபோனார். 1915இலும் 1924இலும் இன்னும் சில அச்சாயின. அவர் காலத்தில் அச்சானவை மொத்தம் 14. 85 வயது வரை வாழ்ந்த ஒருவருக்கு 14 பாட்டுகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கன்சர்ட்டோவின் பதிவு ஒன்றைச் சித்திக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டாள்.

"ஏட்டி, இது வெறுந்தந்தில்லா! சுருதி சேக்காவன்னு நெனச்சிக் காத்திருந்தேன். பாத்தா பாட்டே அதான்."

முழுவதும் கேட்டாளா என்றேன். "கேட்டேன். பாதி புரியல. கடேசில கோயில் பாட்டு மாதிரி ஒண்ணு வருதே, அத மட்டும் மூணு தடவ கேட்டேன். அந்தப் பொண்ணு நல்லா வாசிக்கா. வில்ல அமுக்காம இழுக்கா பாத்தியா, அது லேசுப்பட்ட காரியம் இல்ல."

மனோன் கதையைச் சொன்னேன். மரீ கதையைச் சொன்னேன். அல்மாவுக்கு வந்த கடிதம், அவர் படி எடுத்த சிம்பொனி எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னணியில் மீன் வண்டியின் ஹாரன் கேட்டது. பிறகு சொன்னாள்: "அவளப் பத்தி எழுதினது போதும்ட்டி. அவ எழுதினத அனுப்பு."

ஐந்து பாட்டுகளின் அச்சுப் பிரதியை இங்கே ஓர் இசைக்கடையில் வாங்கி அனுப்பினேன். போய்ச் சேர மூன்று வாரம் ஆயிற்று. சித்தி அதை வாசித்தது ஒரு தொழில்காரி வாசிப்பது போல. பியானோப் பகுதி கைக்கு மீறியது என்றாள். முதல் பாட்டில் ஓர் இடத்தைச் சொல்லி, "எல்லாரும் கீழ எறங்குவான்னு நினைப்பாங்க, இவ பக்கத்துல உள்ள சுரத்துக்கு நழுவுதா. தெரிஞ்சுதான் செஞ்சிருக்கா," என்றாள். இன்னொரு பாட்டு அவளுக்குப் பிடிக்கவில்லை, இழுத்துக்கொண்டே போகிறதாம். பாவம் என்றோ தேவதை என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அல்மாவுக்குக் கிடைத்த மரியாதைகளிலேயே பெரியது அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

பாட்டின் குரல் வரிசையை வயலினுக்கு மாற்றி எழுதியிருக்கிறாள். வாசித்துப் பார்க்க வயலின் இல்லை. நான் புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள். "எனக்குன்னு ஒண்ணு இருக்குல்லா. எங்கப்பா கொழும்புலருந்து கொண்டுவந்தது. அதக் கேக்கேன்."

சித்தப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இருவரும் வெளியூரில். பாடகர் குழுவில் இப்போது பொறுப்பில் இருப்பவர்களிடம் போய் நேரில் கேட்டாள். அது கோயிலுக்குக் காணிக்கையாக வந்த பொருள், கணக்கில் ஏறிவிட்டது, கொடுத்தவர் உங்கள் அப்பா என்றார்கள். இந்த வயதில் எதற்கு என்று ஒருவர் சிரித்தாராம். சண்டை போடவில்லை. வீட்டுக்கு வந்து, நொட்டேஷன் எழுதுகிற அதே தாளில் ஒரு மனு எழுதினாள். வாட்ஸப்பில் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். அனுப்புநர் என்று போட்டுத் தன் முழுப் பெயர். அதற்குக் கீழே, வயலின் கலைஞர். பெறுநர். பொருள்: என் வயலினைத் திரும்பத் தரக் கோருதல். இரண்டு கோரிக்கைகள். ஒன்று, 1986இல் என் சம்மதம் கேட்காமல் கொடுக்கப்பட்ட வயலினை எனக்குத் திருப்பித் தர வேண்டும். இரண்டு, நான் எழுதிக் கொடுத்த எல்லாத் தாள்களிலும் எழுதியவர் என்று என் பெயரைப் போட வேண்டும்.

மனு கொடுத்து நான்கு மாதம் ஆகிறது. பதில் இல்லை. சித்தி இரண்டாவது மனுவை எழுதிக்கொண்டிருக்கிறாள். இந்த முறை, தான் எழுதிய தாள்கள் எவையெவை என்று வருடவாரியாகப் பட்டியல் போட்டு இணைக்கப்போகிறாள். எத்தனை வந்திருக்கிறது என்று நேற்றுக் கேட்டேன். "இருநூறத் தாண்டிட்டு. இன்னும் தொண்ணூத்தொம்பதுதான் முடிஞ்சிருக்கு," என்றாள்.